கொற்கை முதல் புன்னைக்காயல் வரை: பழைய கடல் வாணிகத்தின் தடயங்களைக் களத்தில் படிப்பது எப்படி

தாமிரபரணி கடலில் சேர்வதற்கு முந்தைய கடைசிச் சில கிலோமீட்டரில் மூன்று பழைய துறைகள் வரிசையாகக் கிடக்கின்றன. கொற்கை இன்று கடலிலிருந்து ஆறேழு கிலோமீட்டர் உள்ளே, வயலுக்கும் வாழைக்கும் நடுவில் இருக்கிறது. பழையகாயலுக்கும் கடலுக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர்தான். புன்னைக்காயல் முகத்துவாரத்திலேயே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் கரையைக் கிழக்கே தள்ளிக்கொண்டே போனது. கப்பல் வர வழியில்லாமல் போனபோது துறையும் கரையின் பின்னாலேயே போனது. ஆகவே இந்தப் பக்கம் மேற்கிலிருந்து கிழக்கே நடப்பவர் காலத்திலும் முன்னோக்கி நடக்கிறார். கொற்கையில் கிடைப்பதையும் பழையகாயலில் கிடைப்பதையும் ஒரே பையில் போட்டுக் கலக்கினால் ஆயிரம் ஆண்டு காணாமல் போகும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கலப்பைத் தவிர்ப்பதைப் பற்றித்தான்.

கல்லூரி மாணவர், பள்ளி ஆசிரியர், ஊர் வரலாறு தேடுகிறவர்கள் ஐந்தாறு பேராக இரண்டு நாளில் செய்யக்கூடிய வேலை இது. தோண்டுவது கிடையாது, எதையும் எடுத்துவருவதும் கிடையாது. மேலே கிடப்பதைப் பார்த்து, அளந்து, எழுதி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும்.

எப்போது போவது

பிசான அறுவடை முடிந்து வயல் காலியாகும் மார்ச் மாதம்தான் சரியான நேரம். உழுத வயலில் ஒரு மழை பெய்து, இரண்டு நாள் காய்ந்த பிறகு போனால் இன்னும் நல்லது. மழை மண்ணைக் கழுவிவிடும், ஓடுகள், அதாவது பழைய மண்பானைகளின் உடைந்த துண்டுகள், மேலே துருத்திக்கொண்டு நிற்கும். மழைக்கு முந்தி போனால் எல்லா ஓட்டின் மேலும் ஒரே நிறத்தில் புழுதி படிந்திருக்கும், வகை பிரிக்க முடியாது. வாழைத் தோப்புக்குள் வேலை ஓடாது. தரை முழுக்கச் சருகு, போதாததற்கு இலைக்கூட்டம் செல்போனின் இடக்குறிப்பையும் தடுமாற வைக்கும்.

காலை 6 மணி முதல் 9 மணி வரை, மாலை 4 மணிக்கு மேல் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வெயிலுக்காக மட்டும் சொல்லவில்லை. சூரியன் தாழ இருக்கும்போதுதான் ஓட்டின் மேல் உள்ள கீறல், பள்ளம், அச்சு எல்லாம் நிழல் விழுந்து தெரியும்.

அனுமதியும் சட்டமும்

வயல் தனியார் நிலம். வயல்காரரைப் பார்த்து, "அண்ணாச்சி, ஓடு ஒண்ணும் எடுக்க மாட்டோம், படம் மட்டும் எடுத்துக்கிடுதோம்" என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு இறங்குங்கள். ஊரில் ஒரு பெரியவரை உடன் அழைத்துப் போவது இன்னும் நல்லது. எந்த மேட்டில் கிணறு வெட்டினபோது என்ன வந்தது, எந்தக் குளம் எப்போது தூர் வாரப்பட்டது, எங்கே வெளிமண் கொண்டுவந்து அடித்தார்கள் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். வெளிமண் விஷயத்தைக் கட்டாயம் கேளுங்கள். சாலைக்கும் வரப்புக்கும் அடித்த மண்ணோடு வேறு ஊர் ஓடும் சேர்ந்து வந்திருக்கும்.

பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி, அதற்கு அப்பால் 200 மீட்டர் கட்டுப்பாட்டுப் பகுதி. பழைய ஈமத்தாழிகள் புதைந்த ஆதிச்சநல்லூர் மேட்டில் கைப்பிடி மண்ணைக்கூடக் கிளறக் கூடாது. காசோ நகையோ கண்ணில் பட்டால் 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் வந்துவிடும். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதுவாக இருந்தாலும் அதன் தன்மை, உத்தேச மதிப்பு, கிடைத்த இடம், கிடைத்த நாள் இவற்றை எழுதி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட தொல்பொருளை நாட்டுக்கு வெளியே அனுப்பத் தனியாருக்கு உரிமை கிடையாது. பழங்காசை யாராவது விலைக்கு நீட்டினால் வாங்காதீர்கள். வாங்குகிற ஆள் இருப்பதால்தான் மேட்டை இரவில் தோண்டுகிறார்கள்.

கையில் வேண்டியவை

10 செ.மீ. அளவுகோல் அட்டை, 30 மீட்டர் நாடா, சின்ன டார்ச், உருப்பெருக்கிக் கண்ணாடி, பென்சில், கட்டம் போட்ட நோட்டு, ஒரு பாட்டில் நல்ல தண்ணீர். அளவுக்கு ஒரு ரூபாய்க் காசை வைத்துப் படம் எடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அந்தக் காசின் விட்டம் வெளியீட்டுக்கு வெளியீடு மாறியிருக்கிறது, பின்னால் பார்ப்பவருக்கு எது என்று தெரியாது.

இவற்றோடு வட்ட அட்டை ஒன்றையும் வீட்டிலேயே தயார் செய்துகொள்ளுங்கள். பெரிய தாளில் ஒரே மையத்தில் 5 செ.மீ. ஆரத்திலிருந்து 20 செ.மீ. ஆரம் வரை ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் ஒரு வட்டம் வரையுங்கள். பானையின் வாய்ப்பகுதி ஓடு கிடைத்தால் அதைக் கவிழ்த்து, விளிம்பு தாளில் முழுக்கப் படியும்படி சாய்த்துப் பிடியுங்கள். அடியில் வெளிச்சம் ஊடுருவக் கூடாது. எந்த வட்டத்தோடு விளிம்பு ஒட்டிப் போகிறதோ அதுதான் அந்தப் பானையின் வாய். ஓடு அந்த வட்டத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் அளவு எழுதாதீர்கள். அவ்வளவு சின்னத் துண்டு மூன்று வட்டத்துக்கும் பொருந்துவதுபோல் காட்டும்.

வயலில் நடக்கும் முறை

ஐந்து பேர் இரண்டு மீட்டர் இடைவெளியில் வரிசையாக நின்று, ஒரே வேகத்தில் 20 மீட்டர் நடங்கள். ஒவ்வொருவரும் தன் இரு பக்கமும் ஒரு மீட்டர் மட்டுமே பார்க்க வேண்டும். நடந்து முடித்ததும் ஓட்டின் எண்ணிக்கையை எழுதிவிட்டு அடுத்த பட்டைக்குப் போங்கள். ஒவ்வொரு பட்டைக்கும் புல எண், செல்போன் இடக்குறிப்பு, மண்ணின் நிறம், பயிர் ஆகியவற்றைக் குறியுங்கள். இடக்குறிப்பு வானம் திறந்த இடத்திலேயே சில மீட்டர் பிசகும். ஓர் இடத்தில் ஒரு நிமிடம் அசையாமல் நின்று எடுங்கள்.

புதிதாக வருபவர்கள் எல்லாரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. அழகான ஓட்டை மட்டும் குறிப்பார்கள். நூறு சாதாரணச் சிவப்பு ஓட்டுக்கு நடுவில் ஒரே ஒரு வெளிநாட்டு ஓடு கிடப்பது வேறு, பத்து ஓட்டில் மூன்று வெளிநாட்டு ஓடு கிடப்பது வேறு. முதலாவது இடத்தில் யாரோ ஒருவர் வீட்டில் ஒரு ஜாடி இருந்திருக்கிறது. இரண்டாவது இடத்தில் சரக்கு இறங்கியிருக்கலாம். சாதாரண ஓட்டையும் எண்ணாவிட்டால் இந்த வேறுபாடு தொலைந்துபோகும்.

ஓடுகளை வகை பிரிப்பது

நேரம் அதிகம் எடுப்பது இந்த வேலைதான், எடுக்கவும் வேண்டும்.

கறுப்பு-சிவப்பு ஓடு எங்கும் கிடக்கும். உள்ளே கறுப்பு, வெளியே சிவப்பு. பானையைக் கவிழ்த்துச் சுட்டதால் உள்ளே காற்றுப் புகாமல் கறுத்தது. இது ஊர்க்குயவர் செய்தது. இரும்புக் காலத்திலிருந்து சங்க காலம் வரை புழங்கியது, வாணிகத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் நீங்கள் சரியான காலத்து மண்ணில்தான் நிற்கிறீர்கள் என்பதற்குச் சாட்சி. 1968-69இல் தமிழ்நாடு தொல்லியல் துறை கொற்கையில் தோண்டியபோது கிடைத்த கரியின் காலக்கணிப்பு கி.மு. 785ஐ ஒட்டி வந்தது.

அடுத்தது ரௌலட்டட் ஓடு. சாம்பல் நிறத்தில் மாவுபோல அரைத்த மென்மண், மெல்லிய சுவர், வழவழப்பான மேற்பரப்பு. தட்டையான தட்டின் உட்புற அடியில் ஒரே மையத்தைச் சுற்றி இரண்டு மூன்று பட்டைகளாகச் சின்னஞ்சிறு பள்ளங்கள் ஓடும். ஓட்டை உள்ளங்கையில் வைத்து டார்ச்சைத் தரைமட்டத்துக்குச் சாய்த்துப் பிடியுங்கள். எறும்பு வரிசைபோலப் புள்ளி புள்ளியாக அந்தப் பட்டை எழும்பி வரும். வாய் உட்பக்கம் வளைந்திருக்கும். விரலால் சுண்டினால் கணீரென்று கேட்கும். புதுச்சேரி அருகே உள்ள அரிக்கமேட்டில் 1945இல் தோண்டியபோது இதை மத்தியதரைக் கடல் பக்கத்துச் சரக்கு என்று கருதினார்கள். பின்னால் மண்ணைச் சோதித்தபோது இந்திய மண்தான் என்று தெரிந்தது. ஆகவே இதைக் கண்டதும் "ரோமானிய ஓடு" என்று எழுதிவிடாதீர்கள். இது காட்டுவது நம் கிழக்குக் கரையோரமாக வங்கம் வரை ஓடிய கடல் போக்குவரத்தை. அதற்கும் குறைவில்லாத பெருமை உண்டு.

ஆம்போரா என்பது இரண்டு கைப்பிடியும் கூர்அடியும் கொண்ட ரோமானியச் சாடி. திராட்சை மது, ஆலிவ் எண்ணெய், மீன் சாறு எல்லாம் இதில்தான் வந்தன. சுவர் ஒரு சென்டிமீட்டருக்கு மேலும் தடித்திருக்கும். இத்தாலியின் நேப்பிள்ஸ் பக்கத்து ஆம்போராவை எளிதில் அடையாளம் காணலாம். உடைந்த முகத்தை உருப்பெருக்கியில் பார்த்தால் எரிமலைக் கரும்மணல் மிளகுத் தூள் தூவியதுபோல் தெரியும். இதோடு குழம்பக்கூடிய இன்னொன்று உண்டு. மெசபொத்தேமியா பக்கத்திலிருந்து வந்த கைப்பிடி இல்லாத நீள ஜாடி அது. உள்சுவரில் நிலக்கீல் எனப்படும் தார் கன்னங்கரேலென்று பூசியிருக்கும். முன்பு இந்தியாவில் ஆம்போரா என்று எழுதப்பட்ட ஓடுகளில் சில இந்த ஜாடியின் துண்டுகள்தான் என்று பின்னால் தெரிந்தது. ஒன்று செங்கடல் வழியைக் காட்டும், மற்றது பாரசீக வளைகுடா வழியை. இவ்வளவு பெரிய வேறுபாடு உள்சுவரின் பூச்சில் இருக்கிறது. அதனால் தடித்த ஓட்டின் உட்புறத்தைத் தேய்க்கவோ கழுவவோ கூடாது. பிசினோ நிலக்கீலோ ஒட்டியிருந்தால் ஆய்வுக்கூடத்தில் அதைச் சோதிக்க முடியும். கழுவினால் அந்தச் சாட்சி போய்விடும்.

பழையகாயல் பக்கம் வந்தால் காட்சி முழுதும் மாறும். அங்கே தேட வேண்டியது சீனப் பீங்கானும், மெருகு எனப்படும் கண்ணாடிபோன்ற பூச்சுள்ள மேற்கு ஆசிய ஓடும். செலடன் எனப்படும் பச்சைப் பீங்கானில் கோடு கீறிய பள்ளங்களில் மெருகு தேங்கி அடர்ந்திருக்கும். உடைந்த முகம் சாம்பல் கலந்த வெள்ளை. அடிவளையத்தில் மெருகு படாத விளிம்பு செம்மஞ்சளாகச் சுட்டிருந்தால் சீனத்து லோங்சுவான் சூளைச் சரக்காக இருக்க வாய்ப்பு அதிகம். மேற்கு ஆசிய ஓடு நீலப்பச்சை மெருகோடு, மணல்போலப் பொரபொரத்த வெளிர்மஞ்சள் உடம்போடு இருக்கும், மெருகு செதில் செதிலாக உதிரும். சந்தேகம் வந்தால் உடைந்த முகத்தில் விரல்நுனியால் ஒரு சொட்டுத் தண்ணீர் வையுங்கள். மண்கலம் சட்டென்று குடித்துவிடும். பீங்கானில் சொட்டு அப்படியே நிற்கும்.

நம் பாட்டிமாரின் ஊறுகாய் ஜாடித் துண்டு செலடனாக எத்தனையோ முறை பதிவாகியிருக்கிறது. ஜாடியின் மெருகு தடித்த பழுப்பாகவோ பாலாடை நிறமாகவோ இருக்கும், சுவர் கனமாகவும் அடி அகலமாகவும் இருக்கும். கூரைக்குப் போடும் மங்களூர் ஓட்டின் பல்லுடைந்த துண்டு ஆம்போராவின் கைப்பிடிபோலத் தோன்றும். அதில் எழுத்து அச்சு இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

ஓட்டில் கீறல் இருந்தால் அவசரப்பட்டு அது தமிழி, அதாவது பழந்தமிழ் எழுத்து, என்று அறிவிக்காதீர்கள். கலப்பை கீறியது புதுநிறத்தில் வெளிறித் தெரியும். பழைய கீறல் ஓட்டின் நிறத்திலேயே இருக்கும், ஓரங்களில் மண் படிந்திருக்கும். சாய்ந்த ஒளியில் நான்கு பக்கமிருந்தும் நான்கு படம் எடுத்து, படிக்கத் தெரிந்தவரிடம் காட்டுங்கள். அது கவனத்துக்குத் தகுதியான வேலை. எகிப்தின் செங்கடல் துறையான குசேர் அல்-காதிமில் கிடைத்த ஓடுகளில் கணன், சாதன் என்ற தமிழ்ப் பெயர்கள் கீறியிருந்தன. தாய்லாந்தின் குவான் லுக் பாட்டில் கிடைத்த ஒரு பொன் உரைகல்லில் அது பெரும்பதன் என்பவரின் கல் என்று தமிழில் பொறித்திருக்கிறது. தட்டாரின் கையடக்கக் கல் ஒன்று அங்கே நம் ஆட்கள் போய் வேலை செய்ததைச் சொல்கிறது.

சங்கும் சிப்பியும்

கொற்கையின் பெயர் முத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தாலும், தரையில் நம் கண்ணுக்கு அகப்படுவது பெரும்பாலும் சங்குதான். வளையல் அறுத்த சங்கின் கழிவுக்கும் தானாக உடைந்த சங்குக்கும் வேறுபாடு எளிது. அறுத்த முகம் தட்டையாக இருக்கும், உருப்பெருக்கியில் ரம்பம் போன தடம் இணைகோடாகத் தெரியும். அலையில் உருண்ட சங்கின் ஓரம் மழுங்கி வழவழத்திருக்கும். வளையல் சங்கின் வயிற்றுப் பகுதியிலிருந்து வளையம் வளையமாக அறுக்கப்பட்டது. உச்சியும் நடுத்தண்டும் வால்பகுதியும் எறியப்பட்டன. அந்த மூன்றும் ஒரே இடத்தில் நிறையக் கிடந்தால் அங்கே பட்டறை இருந்திருக்கிறது. வளையல் துண்டு மட்டும் கிடந்தால் அணிந்தவர் வீடு. ஆகவே மூன்று வகையையும் தனித்தனியாக எண்ணுங்கள்.

சிப்பிக் குவியலைக் கண்டால் நிதானம் வேண்டும். இந்த நிலமே ஒருகாலத்தில் கடலோரம், மண்ணுக்கடியில் சிப்பி இயல்பாகவே உண்டு. பிற்காலத்தில் சுண்ணாம்புக் காளவாசலுக்குக் கொண்டுவந்து கொட்டியதும் உண்டு. கருகல், சாம்பல், வெந்த மண்கட்டி அருகில் இருந்தால் காளவாசல் என்று எழுதிவிட்டு நகருங்கள்.

எழுத்துச் சான்றைக் களத்தோடு சேர்ப்பது

பயணக் குறிப்புகளையும் அரசக் குறிப்புகளையும் படிக்கும்போது நான்கு கேள்வி கேளுங்கள்: எழுதியவர் எங்கே நின்று எழுதினார், எந்தக் காற்றில் வந்தார், நட்டம் யார் தலையில் விழுந்தது, அரசன் பங்கு எவ்வளவு.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட கடல்வழிக் கையேடு கொல்கோய் என்று கொற்கையைச் சொல்கிறது. அது பாண்டியருடையது, தண்டனை பெற்றவர்களை வைத்து முத்துக் குளிக்கிறார்கள் என்கிறது. அதே நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் பிளினி, எகிப்தின் பெரனிகேயிலிருந்து நடுக்கோடையில் கிளம்பி, 30 நாளில் செங்கடல் வாயில், பிறகு 40 நாளில் சேர நாட்டுத் துறையான முசிறி என்று கணக்குத் தருகிறார். தென்மேற்குக் காற்றில் வந்து வடகிழக்குக் காற்றில் திரும்பினார்கள். தை மாதம் தவறினால் அடுத்த ஆண்டுதான். வியன்னாவில் இருக்கும், பாப்பிரஸ் என்ற நாணல் தாளில் எழுதிய முசிறிக் கடன் ஒப்பந்தத்திலிருந்து இன்னொன்று தெரிகிறது. சரக்கு ஒட்டகத்தில் நைல் நதிக்கும், அங்கிருந்து படகில் அலெக்சாந்திரியாவுக்கும் முத்திரையோடு போகும், அங்கே நான்கில் ஒரு பங்கு வரி. தூது என்பதும் இந்த வாணிகத்தின் கூடவே வந்ததுதான். ரோமப் பேரரசர் அகஸ்டஸ் சீசருக்குப் பாண்டியனிடமிருந்து பரிசும் தூதரும் வந்ததைக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்திராபோ எழுதிவைத்திருக்கிறார்.

காயல் காலத்துக்கு வந்தால் குதிரை. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ, ஹோர்முஸ், கிஷ், ஏடன் கப்பல்கள் குதிரையோடு காயலுக்கு வருவதைச் சொல்கிறார். பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒப்பந்தத்தையே தருகிறார்: ஒரு குதிரை 220 பொன் தினார், வழியில் செத்தாலும் பாண்டியர் கருவூலம் விலையைத் தர வேண்டும். மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது. கடலின் ஆபத்து முழுவதையும் வாங்குபவரே சுமக்கிறார் என்றால், குதிரைக்கு அரசர்கள் எவ்வளவு தவித்தார்கள் என்று பாருங்கள். முத்தில் பத்தில் ஒன்று அரசனுக்கு, இருபதில் ஒன்று சுறாவை மந்திரத்தால் கட்டுபவருக்கு என்றும் போலோ எழுதுகிறார். நம் கரையில் அவர்களுக்குக் கடல்கட்டி என்று பெயர்.

காற்று அரசியலையே திருப்பிவிட்டதற்கும் சான்று உண்டு. 1281இல் சீனத்து யுவான் அரசின் தூதர் யாங் திங்பி கொல்லத்துக்குப் போக வேண்டியவர். எதிர்க்காற்றும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்து கப்பலை மாபார்க் கரைக்கு ஒதுக்கின. மாபார் என்பது பாண்டிய நாட்டுக் கரை. கொல்லத்துக்குத் தரைவழி கேட்டார், பாண்டிய அதிகாரிகள் கொடுக்கவில்லை. இங்கே ஐந்து சகோதரர் ஆள்வதாகச் சீனக் குறிப்பும் சொல்கிறது, போலோவும் சொல்கிறார். இரண்டு வேறு மூலங்கள் ஒன்றையே சொன்னால் அதை நம்பிக் குறிக்கலாம்.

பெயர் ஒற்றுமையில் வழுக்கி விழாதீர்கள். அசோகர் கல்வெட்டில் வரும் தம்பபம்னி இலங்கை, நம் ஆறு அல்ல. கொல்கோய் வேறு, கருங்கடல் ஓரத்துக் கொல்கிஸ் வேறு. காயல் என்ற பெயரிலேயே பழையகாயல், புன்னைக்காயல், காயல்பட்டினம் என்று மூன்று ஊர் உண்டு. போலோவின் காயலைக் கால்டுவெல் பழையகாயலோடு சேர்த்தார். உங்கள் குறிப்பில் எப்போதும் ஊரின் முழுப்பெயரை எழுதுங்கள்.

இரண்டு நாள் ஒழுங்கு

முதல் நாள் காலை திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் சாலையில் ஆதிச்சநல்லூர், 24 கிலோமீட்டர் அளவில். அங்கே கண்ணாடித் தளத்தின் கீழ் தாழிகள் புதைந்த நிலையிலேயே தெரியும். கறுப்பு-சிவப்புப் பானை முழு வடிவத்தில் எப்படி இருக்கும் என்று கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் பிறகு துண்டை அடையாளம் காண்பது சுலபம். மாலையில் ஏரல் வழியாகக் கொற்கை. அக்கசாலைப் பிள்ளையார் கோயிலைப் பாருங்கள். அக்கசாலை என்றால் நாணயம் அடிக்கும் இடம், துறைமுகத்தின் நினைவு பெயரில் தங்கியிருக்கிறது. மறுநாள் காலை முழுக்கக் கொற்கை வயல்கள், மாலை பழையகாயல். நேரம் மிஞ்சினால் புன்னைக்காயல்.

பழையகாயல் பக்கம் உப்பளப் பாத்திகளின் வரப்பில் நடக்க உப்பளக்காரரின் அனுமதி தனியாக வேண்டும். ஓதம் ஏறும் நேரத்தை மீனவரிடம் கேட்டுக்கொண்டு இறங்குங்கள். ஓதம் வற்றும்போது களிமண் காய்ந்ததுபோல் தெரிந்தாலும் முழங்கால் வரை உள்ளே வாங்கும்.

திரும்பி வந்த அன்றிரவே எழுதுங்கள். பட்டை எண், புல எண், இடக்குறிப்பு, மொத்த ஓடு, வகைவாரி எண்ணிக்கை, வாய் அளவு, பட எண், உறுதியா சந்தேகமா என்று ஒரு வரிக்கு ஒன்றாகப் போதும். சந்தேகத்தைச் சந்தேகம் என்றே எழுதுங்கள். ஒரு பிரதியைத் தமிழ்நாடு தொல்லியல் துறைக்கும், ஒரு பிரதியை வயல்காரருக்கும் கொடுங்கள். அடுத்த உழவில் புதிதாக ஏதாவது கிளம்பினால் முதலில் பார்ப்பவர் அவர்தான்.